வாகைசூடிய குதிரையும் ஓவியன் கண்ணும்

புத்தளம் மாவட்டத்தின் வடமேற்குக் கடற்கரையிலே, வில்பத்துக் காடு கடலைத் தொடும் இடத்தில், செம்மண் மேடு ஒன்று அலைகளை நோக்கி நீண்டு நிற்கின்றது. அதற்குக் குதிரைமலை என்று பெயர். மலை என்று சொல்லத்தக்க உயரம் அதற்கு இல்லை. ஆயினும், தாழ்ந்த மணற்கரையே நெடுந்தூரம் பரந்து கிடக்கும் அந்தப் பகுதியில், கடலோடிகளின் கண்ணுக்கு அந்த மேடு தொலைவிலிருந்தே புலப்பட்டிருக்கும். முத்துக்களுக்கு உரியவளாகிய அல்லி அரசாணி அங்கிருந்து ஆண்டாள் என்பது மக்கள் வழக்கு. முன்னங்கால்களைத் தூக்கி எழும் பெருங்குதிரைச் சிலை ஒன்று அங்கே நின்றது என்பதும், அதன் கடிவாளத்தைப் பற்றியபடி ஓர் ஆள் நின்றான் என்பதும் அவ்வழக்கின் தொடர்ச்சி. இன்று அங்கே செல்வோர் காண்பவை சிதைந்த கட்டட எச்சங்களே.

குதிரைக்கும் அக்கடற்கரைக்கும் உள்ள உறவு வெறுங்கதையன்று. உரோமப் பேரறிஞர் பிளினி, கிளோடியஸ் மன்னன் காலத்தில், அதாவது கி.பி. முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், செங்கடற்பகுதி வரிவசூல் உரிமையாளன் ஒருவனுடைய பணியாள் காற்றினால் அடித்துச் செல்லப்பட்டுப் பதினைந்தாம் நாள் இலங்கையின் இப்புரோஸ் என்னும் துறையை அடைந்தான் என்று எழுதியுள்ளார். குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அப்பெயரில் அமைந்திருத்தலால், அத்துறை குதிரைமலையே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அதற்கும் முன்னரே, கடல் வழியாகக் குதிரை கொணர்ந்த வணிகன் ஒருவனின் மைந்தராகிய சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவர் அனுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் நீதி வழுவாது ஆண்டனர் என்று மகாவம்சம் கூறுகின்றது. 1344 ஆம் ஆண்டில் அரபுப் பயணி இபன் பத்தூத்தா புத்தளத்தில் வந்திறங்கியபோது, அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். அம்மன்னனுடைய கப்பல்கள் யேமன் நாடு வரை சென்று வந்தன. முத்தும் கறுவாவும் மேற்கே போயின. அரபு நாட்டுக் குதிரைகள் கிழக்கே வந்தன. நமது ஈரவெப்பமான தட்பவெப்பம் நல்ல குதிரை வளர்ப்பிற்கு ஏற்றதன்று. ஆகவே அரசர்கள் ஆண்டுதோறும் குதிரைகளை வாங்கிக்கொண்டே இருந்தனர். பாண்டிய நாட்டில் இவ்வாறு ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்ட குதிரைகள், பேணத் தெரிந்தோர் இன்மையால் விரைவில் மடிந்தன என்று 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கின்றார்.

இத்துணைக் குதிரைகள் வந்தன, வாழ்ந்தன, மாண்டன. அவற்றுள் ஒன்றின் முகமாவது நமக்குத் தெரியுமா? தெரியாது. குதிரைமலையில் நின்றதாகச் சொல்லப்படும் சிலைகூட எந்தக் குதிரையின் சிலை என்று எவரும் சொல்லவில்லை. அது குதிரை என்னும் இனத்தின் அடையாளம். அரசின் ஆற்றலுக்கும் துறைமுகத்தின் செல்வத்துக்கும் ஒரு சின்னம். தமிழ்நாட்டு ஊரெல்லைகளில் ஐயனார் கோயில் முன் நிற்கும் சுடுமண் குதிரைகளும் அத்தகையனவே. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத் தூண்களிலே கால் தூக்கிப் பாயும் கற்குதிரைகளின் அழகு கண்டாரை மயக்கவல்லது. எனினும், இது இன்ன குதிரை, இன்ன நாளில் பிறந்தது, இன்ன குணம் உடையது என்று அவற்றுள் ஒன்றையேனும் சுட்டிச் சொல்ல முடியாது. சிற்பியின் நோக்கமும் அதுவன்று.

உருவப்படம் என்பது வேறு வகைக் கலை. ஒருவரைப் பிறரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டுவது எதுவோ, அதனைத் தேடிப் பிடிப்பதே உருவப்படம் வரைவோன் தொழில். நெற்றியின் அகலம், உதட்டின் ஓரம், கண்ணின் பார்வை ஆகியவற்றிலே ஒருவருடைய வாழ்வு எழுதப்பட்டிருக்கின்றது. மனிதர்க்கு இவ்வாறு படம் எழுதுதல் பண்டுதொட்டு நிகழ்ந்து வருவது. விலங்கு ஒன்றிற்கு அதே மதிப்பை அளித்து, அதனையும் ஒரு தனி உயிராகக் கருதி எழுதலாமா? எழுதலாம் என்று காட்டியவர்களுள் தலைசிறந்தவர் 18 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜோர்ஜ் ஸ்டப்ஸ் என்னும் ஓவியர். அவர் எழுதிய குதிரைகளும் நம் கடற்கரைக்கு வந்த குதிரைகளுக்குத் தூரத்து உறவினவே.

அந்த உறவு எத்தகையது? அரபு நாட்டுக் குதிரைகள் கிழக்கே அரசர்களின் படைக்கு வந்தது போலவே, மேற்கே ஆங்கிலப் பிரபுக்களின் இலாயங்களுக்கும் சென்றன. 17 ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 18 ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரையில் இங்கிலாந்து சேர்ந்த கீழ்த்திசைக் குதிரைகளுள் மூன்று பெரும்புகழ் பெற்றவை. பையலி துருக்கி, டார்லி அரபி, கொடொல்பின் அரபி என்பன அவற்றின் பெயர்கள். இவற்றுள் டார்லி அரபி 1704 ஆம் ஆண்டில் சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து அனுப்பப்பட்டது. இன்று உலகின் பந்தயத் திடல்களில் ஓடும் உயர்சாதிக் குதிரைகள் யாவும் தந்தை வழியில் இம்மூன்றுள் ஒன்றையே முதல்வனாகக் கொண்டவை. கிழக்கே வந்த குதிரை போர்க்களம் புகுந்தது. மேற்கே சென்ற குதிரை பந்தயத் திடல் புகுந்தது.

பந்தயம் வளர்ந்த இடத்தில் பணயம் வளர்ந்தது. பணயம் வளர்ந்த இடத்தில் பெருமிதமும் வளர்ந்தது. வென்ற குதிரையைப் படமாக எழுதுவித்து மாளிகைச் சுவரில் மாட்டுதல் பிரபுக்களின் வழக்கமாயிற்று. ஆனால் ஸ்டப்ஸுக்கு முற்பட்டோர் எழுதிய பந்தயக் குதிரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. நீண்ட உடல், சிறிய தலை, மெலிந்த கால்கள் என்னும் வாய்பாடு ஒன்று இருந்தது. நிறத்தையும் நெற்றிச் சுட்டியையும் மாற்றினால் ஒரு குதிரை மற்றொரு குதிரையாகிவிடும். படத்தின் உண்மைப் பொருள் குதிரை அன்று. அதனை உடையவனின் செல்வமே என்று சொல்லலாம்.

ஸ்டப்ஸ் 1724 ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரில் தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். பெரிய ஆசிரியர் எவரிடமும் நெடுங்காலம் பயின்றவர் அல்லர். உயிரின் புறத்தோற்றத்தை அறியவேண்டுமானால் அகத்தின் அமைப்பை அறிதல் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. யோர்க் நகரில் இருந்தபோது மனித உடற்கூற்றைக் கற்று, அதனை மருத்துவ மாணவர்க்குக் கற்பித்தும் வந்தார். பின்னர் 1756 ஆம் ஆண்டளவில் இலிங்கன்சயர்ப் பகுதியிலுள்ள ஹோர்க்ஸ்ரோ என்னும் சிற்றூரில் தனித்த பண்ணை வீடு ஒன்றில் தங்கி, ஏறத்தாழ 18 மாதங்கள் இறந்த குதிரைகளை ஆராய்ந்தார். குதிரையின் உடலை விட்டத்திலிருந்து கொக்கிகளாலும் கயிறுகளாலும் தொங்கவிட்டு, உயிரோடு நிற்பது போன்ற நிலையில் அமைப்பார். பின்பு தோலை நீக்குவார். தசைகளை ஒவ்வொரு படையாக அகற்றி, எலும்பு தெரியும் வரை ஒவ்வொரு நிலையையும் அளந்து வரைவார். நாற்றமும் நோயச்சமும் நிறைந்த அவ்வேலையில் அவருக்குத் துணையாக நின்றவர் மேரி ஸ்பென்சர் என்னும் பெண்மணி.

அந்த உழைப்பின் பயனே 1766 ஆம் ஆண்டில் வெளிவந்த குதிரை உடற்கூற்று நூல். அதிலுள்ள 18 படத்தாள்களையும் செப்புத் தகட்டில் செதுக்கித் தருமாறு பலரை நாடியும் ஒருவரும் முன்வராமையால், ஸ்டப்ஸ் தாமே கற்றுத் தம் கையாலேயே செதுக்கி முடித்தார். ஓவியர்க்கென்று தொடங்கிய அந்நூல் கால்நடை மருத்துவர்க்கும் வழிகாட்டியாயிற்று.

இவ்வளவு அறிந்த கை, உயிருள்ள குதிரை ஒன்றை எழுதினால் எப்படி இருக்கும்? விடை இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் தொங்குகின்றது. அதுவே விசில்ஜாக்கெற் என்னும் குதிரையின் உருவப்படம். அக்குதிரை 1749 ஆம் ஆண்டில் பிறந்தது. கொடொல்பின் அரபியின் பேரன். அதன் பெயர் மதுவும் சர்க்கரைப் பாகும் சேர்த்த அக்காலக் குளிர்நோய் மருந்து ஒன்றின் பெயர். 1759 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் யோர்க் நகரில் நான்கு மைல் தூரப் பந்தயத்தில், புரூட்டஸ் என்னும் குதிரையை வென்று, தன் உடைமையாளருக்கு 2000 கினிகளை ஈட்டிக் கொடுத்தது. அந்த உடைமையாளர் பின்னர் இரு முறை பிரித்தானியப் பிரதமராக விளங்கிய ரொக்கிங்காம் பிரபு. அவர் வேண்டுகோளின்படி 1762 ஆம் ஆண்டளவில் ஸ்டப்ஸ் இப்படத்தை எழுதினார்.

படத்தைக் கண்ணால் காணாத நேயர்கள் மனக்கண்ணில் இவ்வாறு காணலாம். ஏறத்தாழ பத்தடி உயரமும் எட்டடி அகலமும் உள்ள துணி. அதன் மேல் உயிரளவான குதிரை ஒன்று, பின்னங்கால்களில் உடலைத் தாங்கி, முன்னங்கால்களை மடித்து உயர்த்தி எழுகின்றது. உடல் செம்பு நிறம். வாலும் பிடரி மயிரும் வெளிறிய பொன்னிறம். கழுத்தில் நரம்பு புடைத்திருக்கின்றது. தோலின் கீழே தசை அசைவது போலத் தோன்றுகின்றது. தலை சிறிது திரும்பி, ஒரு கண் பார்ப்பவரை நோக்குகின்றது. சேணம் இல்லை, கடிவாளம் இல்லை, ஏறியவன் இல்லை. மரம், வானம், மாளிகை ஆகிய ஒன்றும் இல்லை. குளம்பின் கீழே சிறு நிழல் மட்டும் விழுந்திருக்கின்றது. மற்றெல்லாம் மங்கிய பசும்பொன் வெளி.

கால் தூக்கி எழும் இந்நிலை ஐரோப்பிய ஓவியத்தில் அரசர்க்குரியது. குதிரை எழும், மேலே மன்னன் நிமிர்ந்து வீற்றிருப்பான், குதிரையை அடக்குபவன் குடிகளையும் ஆள வல்லவன் என்பது அதன் குறிப்பு. இதனால், மூன்றாம் ஜோர்ஜ் மன்னனை அதன் முதுகில் அமர்த்தவே இப்படம் தொடங்கப்பட்டது என்றும், இடையில் அக்கருத்துக் கைவிடப்பட்டது என்றும் ஒரு பழங்கதை உண்டு. ஆனால் ஸ்டப்ஸ் அதே பிரபுவுக்காக அதே காலத்தில் எழுதிய, தாய்க் குதிரைகளும் குட்டிகளும் நிற்கும் படமும் பின்னணி இன்றியே உள்ளது. எனவே வெறுமையான வெளி தற்செயலாக நேர்ந்ததன்று. வேண்டுமென்றே விடப்பட்டது என்று கொள்வதே பொருத்தம். அரசன் அமரவேண்டிய முதுகு வெற்றாக இருக்கின்றது. அதனால் படம் முழுவதும் குதிரைக்கே உரியதாகின்றது.

படம் நிறைவெய்தும் வேளையில் நிகழ்ந்ததாக ஒரு கதை வழங்குகின்றது. ஸ்டப்ஸ் படத்தை இலாயச் சுவரில் சார்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்பக்கம் நடத்தி வரப்பட்ட விசில்ஜாக்கெற் தன் உருவத்தைக் கண்டு, வேறொரு குதிரை தன்னை எதிர்த்து நிற்கின்றது என எண்ணிப் பாய்ந்ததாம். ஓவியர் தம் கைக்கோலால் அதனைத் தடுத்துப் படத்தைக் காத்தாராம். ஓவியம் உயிரையே ஏமாற்றிற்று என்னும் கதைகள் கிரேக்கர் காலந்தொட்டே சொல்லப்படுகின்றன. இக்கதையின் உண்மை எவ்வாறாயினும், அடங்காத குதிரை என்று பெயர் பெற்றிருந்த விசில்ஜாக்கெற்றின் இயல்பை அது நன்கு உணர்த்துகின்றது. அந்த இயல்பைப் படமும் மறைக்கவில்லை. 1997 ஆம் ஆண்டில் தேசிய ஓவியக் கூடம் 110 இலட்சம் பவுண் கொடுத்து இப்படத்தைப் பொதுமக்களுக்கு உரியதாக்கியது.

விசில்ஜாக்கெற் படம் குதிரையின் பெருமையைக் காட்டுகின்றது. வெற்றிக்காகக் குதிரை செலுத்தும் விலையைக் காட்டுவது அதே ஓவியர் தம் முதுமையில் எழுதிய மற்றொரு படம். அதன் தலைவன் ஹம்பிள்டோனியன். 1795 ஆம் ஆண்டில் செயின்ற் லெஜர் பந்தயத்தை வென்ற குதிரை அது. 1799 ஆம் ஆண்டு மார்ச் 25 ஆம் நாள், நியூமார்க்கெற் திடலில், டயமண்ட் என்னும் குதிரைக்கும் அதற்கும் தனிப்பந்தயம் நிகழ்ந்தது. பணயம் 3000 கினி. தூரம் நான்கு மைலுக்குச் சற்று மேல். பெருங்கூட்டம் திரண்டிருந்தது. இரு குதிரைகளும் இறுதிவரை இணையாகவே ஓடின. ஏறியோர் சவுக்கினாலும் குதிமுள்ளினாலும் அவற்றை இரக்கமின்றி வருத்தினர். குருதி வடிந்த நிலையில், கழுத்தளவும் நிரம்பாத இடைவெளியில், ஹம்பிள்டோனியன் வென்றது.

அதன் உடைமையாளர் சேர் ஹென்றி வேன் ரெம்பெஸ்ற், இவ்வெற்றியைப் படமாக்கும்படி ஸ்டப்ஸை வேண்டினார். ஓவியருக்கு அப்பொழுது வயது எழுபத்தைந்து. வெற்றியை எழுதச் சொன்னால், பொதுவாக எதை எழுதுவர்? எல்லைக் கம்பத்தைக் கடக்கும் கணத்தை எழுதுவர். ஆரவாரிக்கும் கூட்டத்தை எழுதுவர். மார்நிமிர்த்தி நிற்கும் பிரபுவை எழுதுவர். ஸ்டப்ஸ் எழுதியதோ பந்தயம் முடிந்த பின்னர் உள்ள நேரத்தை. பன்னிரண்டடி அகலமான துணியை நிறைத்து நிற்கின்றது களைத்த குதிரை. காதுகள் பின்னே மடிந்துள்ளன, வாய் திறந்திருக்கின்றது, கால்கள் நிலைகொள்ளவில்லை. ஒரு புறம் கடிவாளத்தைப் பற்றியவன் நிற்கின்றான். மறுபுறம் இலாயத்துச் சிறுவன் ஒருவன், வியர்வை துடைக்கும் துணியோடு, குதிரையின் மேல் கை வைத்தபடி நிற்கின்றான். பிரபு இல்லை; கூட்டம் இல்லை; தோற்ற குதிரையும் இல்லை. பின்னே நியூமார்க்கெற்றின் புல்வெளி. அவ்விரு பணியாளரும் படத்திலிருந்து நேரே நம்மைப் பார்க்கின்றனர். இந்த வெற்றி எத்தகையது என்று நீங்களே சொல்லுங்கள் என்று வினவுவது போல இருக்கின்றது அப்பார்வை.

இப்படம் 1800 ஆம் ஆண்டில் இலண்டன் அரச கலைக்கழகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பிரபுவோ கூலி கொடுக்க மறுத்தார். முதிய ஓவியர் வழக்குத் தொடுத்தே தமக்குரிய பணத்தைப் பெறவேண்டியதாயிற்று. இன்று அப்படம் வட அயர்லாந்தில் மவுண்ட் ஸ்ருவாட் மாளிகையில் உள்ளது. பணம் கொடுத்தவர் காண விரும்பியதை எழுதாமல், தாம் கண்டதை எழுதிய ஓவியருக்கு அத்தகைய இடர் நேர்வது புதிதன்று. ஆயினும் நாளடைவில் நிலைத்தது எது? பணயம் கைமாறிப் போயிற்று. கூட்டம் கலைந்து போயிற்று. ஹம்பிள்டோனியனின் களைப்பு மட்டும் இரு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றது.

இத்துணைக் கூர்மையான கண்ணுக்கும் எட்டாதது ஒன்று இருந்தது என்பதையும் சொல்லுதல் வேண்டும். நிற்கும் குதிரையைப் பிழையற எழுதிய ஸ்டப்ஸ், பாய்ந்தோடும் குதிரையை எழுதும்போது அக்கால மரபையே பின்பற்றினார். முன்னங்கால்கள் இரண்டும் முன்னே நீள, பின்னங்கால்கள் இரண்டும் பின்னே நீள, குதிரை காற்றில் மிதப்பதாக எழுதுவதே அம்மரபு. பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821 ஆம் ஆண்டில் எழுதிய எப்சம் பந்தயப் படத்திலும் இதனைக் காணலாம். 1878 ஆம் ஆண்டில், கலிபோர்னியாவில், எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் ஓடுபாதையின் ஓரமாகப் பல ஒளிப்படக் கருவிகளை வரிசையாக அமைத்து, ஓடும் குதிரையைக் கணந்தோறும் படம் பிடித்தார். பாயும் குதிரையின் நான்கு கால்களும் நிலத்தை விட்டு உயரும் கணம் உண்டு என்பது உறுதியாயிற்று. ஆனால் அக்கணத்தில் கால்கள் நீண்டிருக்கவில்லை. வயிற்றின் கீழே மடிந்து குவிந்திருந்தன. பல நூற்றாண்டு ஓவியர்கள் எழுதி வந்தது கண் கண்டதை அன்று, மனம் நம்பியதை. பொறுமையோடு நின்று நோக்கக் கிடைத்த குதிரையில் ஸ்டப்ஸ் தவறவில்லை. கண்ணின் விரைவுக்கு அப்பாற்பட்டதில் அவரும் தவறினார்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? வாகைசூடிய உயிர் ஒன்றைப் போற்றுவதில் இருவகை உண்டு. அதனைத் தம் பெருமைக்குச் சின்னமாக்கி உயரமாக நிறுத்துதல் ஒரு வகை. அதன் எலும்பையும் மூச்சையும், சினத்தையும் களைப்பையும் அறிந்து, அதனை அதுவாகவே காணுதல் மற்றொரு வகை. முன்னதற்குப் பொருட்செல்வம் போதும். பின்னதற்கு உழைப்பும் நேர்மையும் வேண்டும். பணம் தருபவர் முகம் சுளித்தாலும் கண்டதை மாற்றாத துணிவும் வேண்டும்.

சித்திரைப் பருவத்தில் நுவரெலியாப் பந்தயத் திடலில் குதிரைகள் ஓடும்பொழுது, கூட்டம் எல்லைக் கம்பத்தையே நோக்கியிருக்கும். ஓட்டம் முடிந்ததும் கண்கள் பணயச் சீட்டின் மேல் திரும்பிவிடும். அந்நேரத்தில் ஒருவராவது திடலின் ஓரத்தில், வாயில் நுரை தள்ள நடத்திச் செல்லப்படும் குதிரையைத் திரும்பிப் பார்ப்பாராயின், ஸ்டப்ஸின் தூரிகை எதைத் தேடிற்று என்பது அவருக்கு விளங்கும். பள்ளி மாணவர் ஆடோ மாடோ வரையும்போதும், பெயர் சொல்லத்தக்க ஓர் ஆட்டை, தம் வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒரு மாட்டைப் பார்த்து வரைவது நன்று. குதிரைமலைக் கரையில் இறங்கிய ஆயிரமாயிரம் குதிரைகளின் விலையை அன்றைய வணிகர் எழுதி வைத்திருப்பர். அவற்றின் முகத்தை எழுதி வைக்க ஒருவரும் இருக்கவில்லை.